மரபணுப் பரிசோதனையை ஆட்டோமேட் செய்வது: லேப்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்பத்திரி லேப்பில் மரபணுப் பரிசோதனைப் பிரிவு தொடங்கும்போதும், பெட்டி பெட்டியாக ரோபோ வந்து இறங்கும்போதும் டெக்னீஷியன்கள், டாக்டர்கள், நிர்வாகத்தினர் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுப் பேசுவதால் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறோம்.

1. ஆட்டோமேஷன்னா ரத்தத்தை ஒரு பக்கம் வெச்சா மறுபக்கம் ரிப்போர்ட் வந்துடுமா?

சில சோதனைகளில் ஏறக்குறைய அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்த காசநோய்க்கான எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். சளியைக் கரைசலோடு கலந்து ஊற்றி மூடினால், டிஎன்ஏ பிரிப்பதும் பெருக்குவதும் உள்ளேயே நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை வந்துவிடும். ஆனால் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே அந்தக் கருவியிடம் பதில் உண்டு.

பரம்பரை நோய்களுக்கான சோதனை நீளமானது. சாம்பிள் வாங்கிப் பதிவது, டிஎன்ஏ பிரிப்பது, அளவு பார்ப்பது, டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் அல்லது டிஎன்ஏ துண்டுகளைச் சீக்வென்சருக்கு ஏற்றபடி தயார்செய்யும் லைப்ரரி, டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங், கணினி அலசல், கிடைத்த மாற்றத்துக்குப் பொருள் காண்பது, ரிப்போர்ட் எழுதுவது என்று போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மெஷின் கிடைக்கிறது. ஒரு மெஷினிலிருந்து, சாம்பிள் ஊற்றும் 96 குழிகள் கொண்ட பிளேட்டை எடுத்து அடுத்ததில் வைப்பது இன்றும் பெரும்பாலான லேப்களில் மனிதக் கைதான். தவறுகள் நுழைவதும் அந்தக் கைமாற்றத்தில்தான் அதிகம்.

2. கையில கொஞ்சம் பட்ஜெட் இருக்கு. எதை முதல்ல மெஷினுக்கு மாத்தணும்?

பார்கோடையும் லேப் மென்பொருளையும். ரோபோ அதற்குப் பிறகுதான். பைப்பெட்டிங், அதாவது திரவத்தை அளந்து எடுத்து ஊற்றுவது, பிசகினால் அது தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்: விடை முன்பே தெரிந்த கண்ட்ரோல் ஃபெயில் ஆகும், சிக்னல் குறையும், திரும்பச் செய்வோம். இரண்டு டியூப்கள் இடம் மாறினால் எதுவுமே காட்டிக்கொடுக்காது. இரண்டு அருமையான ரிசல்ட்கள், இரண்டு தவறான ஆட்களுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே லேபிள் பிரிண்டர், ஸ்கேனர், மைனஸ் 80 டிகிரியிலும் ஆல்கஹால் பட்டாலும் உரியாத லேபிள், எந்தச் சாம்பிள் எந்தக் குழிக்கு என்று சொல்லும் ஒர்க்லிஸ்ட்டைத் தானே உருவாக்கும் மென்பொருள் ஆகியவற்றுக்கு முதல் பணம். அடுத்து டிஎன்ஏ பிரிக்கும் மெஷின். மூன்றாவது, பிசிஆர் கலவை போடும் ரோபோ. லைப்ரரி தயாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். படிகள் அதிகம், அதைச் சீராக்கவே சில மாதங்கள் போய்விடும்.

3. எங்க லேப்ல ஒரு நாளைக்கு 10, 15 சாம்பிள்தான். எங்களுக்கு ரோபோ தேவையா?

டிஎன்ஏ பிரிக்க 16 சாம்பிள் கொள்ளும் சின்ன மெஷின் தேவை. திரவங்களை எடுத்து ஊற்றும் பெரிய ரோபோவான லிக்விட் ஹாண்ட்லர் தேவைப்படாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சாம்பிள், 3 கண்ட்ரோல், ஆளுக்கு 20 மைக்ரோலிட்டர் கலவை என்றால் மொத்தம் 360 மைக்ரோலிட்டர். அதை ரோபோவின் பெரிய தொட்டியில் ஊற்றினால், டிப் (உறிஞ்சும் முனை) எட்டாமல் அடியில் தங்குவதே அதைவிட அதிகம். விலை உயர்ந்த என்சைம் கலவையில் பாதிக்குமேல் குப்பைக்குப் போகும். பிளேட் நிறையட்டும் என்று காத்திருந்தால் ரிசல்ட் தாமதமாகும். கருவில் இருக்கும் குழந்தைக்கான சோதனை அப்படிக் காத்திருக்க முடியாது. 96 சாம்பிள் வரும் லேப்பின் கதை வேறு. ஒரு சாம்பிளுக்குப் பத்து முறை பைப்பெட் அழுத்தினால்கூட கிட்டத்தட்ட ஆயிரம் முறை ஆகிறது. கட்டைவிரலும் தாங்காது, கவனமும் தாங்காது.

4. டிஎன்ஏ எடுக்குற மெஷின் உள்ள என்னதான் நடக்குது?

பெரும்பாலான மெஷின்களில் காந்த மணிகள்தான் வேலை செய்கின்றன. முதலில் குவானிடின் உப்புக் கரைசலும் புரோட்டினேஸ் கே என்சைமும் சேர்ந்து, பல கிட்களில் 56 டிகிரி சூட்டில், செல்லை உடைக்கின்றன. குவானிடினும் ஆல்கஹாலும் இருக்கும் சூழலில் டிஎன்ஏ, மணிகளின் மேலுள்ள சிலிகாவில் ஒட்டிக்கொள்கிறது. காந்தம் மணிகளைப் பிடித்துவைக்க, அழுக்கு நீர் வெளியேறும். இரண்டு மூன்று முறை ஆல்கஹால் கலந்த கரைசலில் கழுவி, உலர்த்தி, கடைசியில் உப்புக் குறைந்த கரைசலில் டிஎன்ஏவை இறக்குவார்கள்.

200 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை மனக்கணக்காகவே போடலாம். ஒரு செல்லில் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ. ஒரு மைக்ரோலிட்டரில் 6,000 வெள்ளணு என்றால் 200 மைக்ரோலிட்டரில் 12 லட்சம். மொத்த டிஎன்ஏ சுமார் 8 மைக்ரோகிராம். கைக்கு 4 வந்தாலே நல்ல ரன்தான். 20 வந்தால் மகிழ்ச்சி அடையாமல், அளவீட்டையும் நோயாளியின் வெள்ளணு எண்ணிக்கையையும் பாருங்கள்.

5. அதே ரத்தம் கையால எடுத்தா நல்லா வருது, மெஷின்ல கம்மியா வருது. மெஷின் கோளாறா?

பல நேரங்களில் கோளாறு ரத்தம் நிற்கும் விதத்தில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்த டியூபை ஸ்டாண்டில் வைத்துச் சற்று நேரத்தில் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி, மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா தெளிந்துவிடும். வெள்ளணுக்கள் இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். ரோபோ திரவத்தின் மேல்மட்டத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்தே உறிஞ்சும். அதாவது டிஎன்ஏ இல்லாத பிளாஸ்மாவை. கையால் செய்பவர் பழக்கத்தில் டியூபை நாலு தடவை கவிழ்த்துவிட்டுத்தான் எடுப்பார். அவருக்கே அது ஒரு படியாகத் தெரியாது, செயல்முறைத் தாளிலும் எழுதியிருக்காது.

மெஷினில் ஏற்றுமுன் டியூபை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஏற்றியவுடன் ரன்னைத் தொடங்குங்கள். வரிசையில் கடைசியாக எடுக்கப்படும் டியூப்கள் மட்டும் குறைந்த அளவு காட்டினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ரத்தக் கட்டி டிப்பை அடைப்பது. அழுத்த சென்சார் உள்ள ரோபோ எச்சரிக்கும், இல்லாதது காற்றை உறிஞ்சிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்ன மணிக் கரைசலை நேரே எடுத்து ஊற்றுவது. அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரமாவது கொடுங்கள்.

6. ரேஷியோ 1.8 இருக்கு, டிஎன்ஏ சுத்தம்னுதானே அர்த்தம்? ஆனா பிசிஆர் ஓடலையே?

நீங்கள் சொல்லும் ரேஷியோ 260/280, அதாவது 260, 280 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம்; அது புரதக் கலப்பை மட்டுமே சொல்லும். குவானிடின் உப்பு மிச்சம் இருந்தால் 260/230 விகிதம்தான் இறங்கும். சாதாரணமாக 2 அருகே இருக்க வேண்டியது 1க்குக் கீழே போனால் கழுவல் போதவில்லை. ஆல்கஹால் மிச்சம் இருந்தால் இரண்டு விகிதங்களிலுமே தெரியாது. அதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: அந்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பிசிஆர் போடுங்கள். நீர்த்ததில் ஓடி, அடர்த்தியானதில் ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. உறைவதைத் தடுக்க ஹெபாரின் சேர்த்த டியூபில் வந்த ரத்தமும் இதேபோல் தடுக்கும். டியூப் மூடியின் நிறத்தை ஒருமுறை பாருங்கள்.

லைப்ரரிக்கு டிஎன்ஏ அளவை ஒளி உறிஞ்சுதலில் பார்க்காதீர்கள். ஆர்என்ஏவும் தனி நியூக்ளியோடைடும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். இரட்டை இழை டிஎன்ஏவோடு மட்டும் ஒளிரும் சாய முறையே இதற்குச் சரி.

7. மெஷின் கழிவுத் தொட்டியில பிளீச்சிங் ஊத்தி வெச்சுடலாமா?

கூடாது. குவானிடின் உப்போடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ரத்தம் சிந்தினால் பிளீச் போட்டுத் துடைக்கும் பழக்கம் எல்லா லேப்பிலும் இருப்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. குவானிடின் உள்ள திரவக் கழிவைத் தனிக் கேனில், பெயர் எழுதி, ரசாயனக் கழிவாக அனுப்புங்கள். ரோபோ மேடையில் அந்தக் கரைசல் சிந்தினால் முதலில் தண்ணீரும் சோப்பும் போட்டு முழுக்கத் துடைத்துவிட்டு, பிறகுதான் கிருமிநாசினி.

8. லிக்விட் கிளாஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, கம்பெனி கொடுத்த செட்டிங்கே போதாதா?

ஒரு திரவத்தை எந்த வேகத்தில் உறிஞ்ச வேண்டும், உறிஞ்சியபின் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், டிப் நுனியில் எவ்வளவு காற்று இடைவெளி விட வேண்டும், எந்த வேகத்தில் வெளியேற்ற வேண்டும் என்ற எண்களின் தொகுப்புதான் லிக்விட் கிளாஸ். கம்பெனி கொடுப்பது நல்ல தொடக்கம். உங்கள் கிட், உங்கள் அறை, உங்கள் டிப் அவர்கள் சோதித்ததுபோலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டு திரவங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். கிளிசரால் கலந்த என்சைம் தேன்போல மெதுவாக ஏறும். வேகமாக உறிஞ்சினால் டிப்புக்குள் திரவம் ஏறி முடிக்குமுன்பே டிப் வெளியே வந்து, அளவு குறையும். வேகத்தைக் குறைத்து, ஓரிரு வினாடி நிறுத்தி, மேற்பரப்பிலிருந்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். ஆல்கஹால் நேர்மாறு. டிப்பின் உள்ளே ஆவியாகி அழுத்தம் கூடி, போகும் வழியெல்லாம் சொட்டும். இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு டிப்பை உள்ளே நனைத்துவிட்டு, நுனியில் காற்று இடைவெளியோடு எடுத்தால் சொட்டு நிற்கும்.

9. 1 மைக்ரோலிட்டரை ரோபோ துல்லியமா எடுக்குமா?

எடுக்கும் என்று விளம்பரத்தாளில் இருக்கும். முடிந்தவரை அந்த நிலைக்கே போகாதீர்கள். டிஎன்ஏவை ஒரே செறிவுக்கு நீர்க்கவைத்து 5 மைக்ரோலிட்டராக எடுக்கும்படி கலவையை மாற்றியமைத்தால், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

10. பைப்பெட்டிங் சரியா இருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது?

பெரிய அளவுகளுக்குத் தராசு. 20 டிகிரியில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் சுமார் 99.7 மில்லிகிராம் எடை காட்டும். பத்து முறை எடுத்து, சராசரி எவ்வளவு தள்ளி இருக்கிறது, முறைக்கு முறை எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சராசரி தள்ளி இருப்பதைத் திருத்திவிடலாம். முறைக்கு முறை மாறினால் டிப் பொருத்தமோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ தேய்ந்திருக்கிறது. சிறிய அளவுகளில் தண்ணீர் ஆவியாவதே எடையைக் கெடுக்கும் என்பதால் சாயக் கரைசலை ஊற்றி பிளேட் ரீடரில் படிக்க வேண்டும். தண்ணீரில் பாஸ் ஆனதை வைத்து என்சைமிலும் பாஸ் என்று எழுதாதீர்கள்; காரணம் 8ஆம் பதிலில் இருக்கிறது.

11. பிளேட்ல சில குழி மட்டும் ஃபெயில் ஆகுது. எந்தக் காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபெயில் ஆன குழிகளைப் பட்டியலாகப் பார்க்காதீர்கள். பிளேட் படத்தில் நிறமிட்டுப் பாருங்கள். கையால் செய்யும் தவறு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். மெஷின் செய்யும் தவறுக்கு ஒரு வடிவம் உண்டு, அந்த வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆட்டோமேஷன் கொடுக்கும் வரங்களில் நாங்கள் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

எட்டு சேனல் (டிப் மாட்டும் குழல்) உள்ள ரோபோவில் ஒவ்வொரு சேனலும் பிளேட்டின் ஏ முதல் எச் வரையுள்ள எட்டு வரிசைகளில் ஒன்றுக்குப் பொறுப்பு. எஃப் வரிசை முழுவதும் பலவீனம் என்றால் ஆறாவது சேனலின் ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரே ஒரு நெடுவரிசை போயிருந்தால் அந்த நேரத்தில் ரீஏஜென்ட் தீர்ந்தது அல்லது டிப் சரியாக மாட்டவில்லை. முதல் நெடுவரிசையிலிருந்து பன்னிரண்டு வரை அளவு படிப்படியாக ஏறினாலோ இறங்கினாலோ, தொட்டியில் காந்த மணிகள் படிந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் தொட்டியைக் கலக்கும் கட்டளை சேர்க்க வேண்டும். விளிம்புக் குழிகள் மட்டும் கெட்டால் சீல் சரியாக ஒட்டவில்லை, ஓரங்களில் ஆவியாகியிருக்கிறது.

வடிவமே இல்லாமல் சிதறிக் கிடந்தால் மெஷினை விட்டுவிட்டு சாம்பிள்களைப் பாருங்கள். பழைய ரத்தம், கட்டி, உறைந்து உருகியது என்று ஏதாவது பொதுவாக இருக்கும்.

மணிகளைக் கழுவிய பிறகு உலர்த்தும் நேரத்தை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஈரம் மின்னும் மணிப்படலம் மங்கி, ஆனால் வெடிக்காமல் இருக்கும் தருணம்தான் சரி. வெடிப்பு விழுந்துவிட்டால் டிஎன்ஏ முழுதாக இறங்காது. மின்னிக்கொண்டிருந்தால் ஆல்கஹால் கூடவே வரும். இது ஏசியையும் அறையின் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறுவதால், உங்கள் மேடையிலேயே கண்ணால் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

12. பிளேட்டைத் தலைகீழா திருப்பி வெச்சுட்டா மெஷினுக்குத் தெரியுமா?

பிளேட்டின் பக்கவாட்டில் பார்கோடு ஒட்டி, ரோபோ அதைப் படித்தால் தெரியும். இல்லையென்றால் தெரியாது. அரைச்சுற்றுத் திரும்பினால் ஏ1 எச்12 ஆகும், பி1 ஜி12 ஆகும். பிளேட்டில் உள்ள எல்லோரின் ரிசல்ட்டும் மாறிப்போகும்.

கண்ட்ரோல்களை வைக்கும் இடத்தால் இதைப் பிடிக்கலாம். டிஎன்ஏ போடாத வெற்றுக் கண்ட்ரோலை ஏ1, எச்12 இரண்டிலும் வைத்தால் பிளேட் திரும்பினாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஜி12இல் பாசிட்டிவ், எச்12இல் வெற்று என்று ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். திரும்பிய பிளேட்டில் அந்த இடத்தில் நோயாளி டிஎன்ஏ ஓடி, தவறு அப்போதே வெளிப்படும்.

13. வெற்றுக் கண்ட்ரோல்ல 38வது சைக்கிள்ல லேசா சிக்னல் வருது. ரன்னையே தூக்கிப் போடணுமா?

எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. பிசிஆரின் ஒவ்வொரு சைக்கிளிலும் டிஎன்ஏ இரண்டு மடங்காகும்; சிக்னல் பிந்தி வந்தால் தொடக்கத்தில் இருந்த டிஎன்ஏ குறைவு. சாம்பிள்கள் 25ஆம் சைக்கிளில் வருகின்றன என்றால் வித்தியாசம் 13 சைக்கிள். இரண்டின் 13ஆம் அடுக்கு 8,192. எட்டாயிரத்தில் ஒரு பங்கு கலப்பு, பிறவியிலேயே வந்த மாற்றத்தைப் பார்க்கும் சோதனையின் விடையை மாற்றாது. ஆனால் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய செல்களைத் தேடும் சோதனையில் அந்த ஒரு பங்கே பொய்யான பாசிட்டிவ். அங்கே ரன்னை நிராகரிக்க வேண்டும்.

எதுவானாலும் குறித்துவையுங்கள். போன மாதம் 40, இந்த மாதம் 38, அடுத்து 36 என்று முன்னேறினால் பிசிஆர் முடிந்த பொருள் தயாரிப்பு அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. தயாரிப்பு அறையிலிருந்து பெருக்கும் அறைக்கு மட்டுமே பிளேட் போக வேண்டும், திரும்பக் கூடாது. ரோபோவின் வழித்தடத்தையும் பாருங்கள்: டிஎன்ஏ நிறைந்த டிப் மற்றக் குழிகளின் தலைக்கு மேல் பறந்து போகிறதா? போனால் பாதையை மாற்றுங்கள். உறுதிசெய்ய, 48 குழிகளில் டிஎன்ஏவும் 48இல் தண்ணீருமாக சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி ஊற்றி ஒரு ரன் போடுங்கள். எந்தத் தண்ணீர்க் குழி ஓடுகிறதோ, அதன் அண்டை வீட்டில் பதில் இருக்கும்.

14. பார்கோடு வந்த பிறகு சாம்பிள் மாறவே மாறாதுதானே?

வார்டில் தவறான டியூபில் ஒட்டிய லேபிளை ஸ்கேனர் மிகச் சரியாகவே படிக்கும். இன்னொரு வாசல் எக்செல். ஒர்க்லிஸ்ட்டை யாராவது எக்செலில் திறந்து சேமித்தால் எண்ணின் முன்னுள்ள பூஜ்யம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். சில மரபணுப் பெயர்கள் தேதியாக மாறும். மார்ச்1 போன்ற பெயர்கள் இப்படிக் கெட்டுக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்க் குழு 2020இல் பெயர்களையே மாற்றியது. ஒர்க்லிஸ்ட் மென்பொருளிலிருந்து ரோபோவுக்கு நேராகப் போகட்டும். நடுவில் யாரும் திறக்க வேண்டாம்.

சீக்வென்சிங் செய்யும் லேப்பில் நிச்சயமான வழி ஒன்று உண்டு. அதே ரத்த டியூபிலிருந்து தனியாகக் கொஞ்சம் எடுத்து, ஆளுக்கு ஆள் வேறுபடும் இரண்டு டஜன் பொதுவான மாற்றங்களை வேறொரு எளிய முறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் சீக்வென்சோடு அந்த டிஎன்ஏ கைரேகை பொருந்த வேண்டும். வார்டில் நடந்த தவறை இதுவும் பிடிக்காது. அதற்கு நோயாளியின் கட்டிலருகிலேயே லேபிள் அடிப்பதுதான் வழி.

15. ஆண், பெண் பொருத்தம் பாத்தே சாம்பிள் மாறிச்சான்னு கண்டுபிடிக்கலாமே? கரு சாம்பிளுக்கும் அதே சாஃப்ட்வேரை ஓட்டலாமா?

பதிவிலுள்ள பாலினமும் டிஎன்ஏ காட்டும் பாலினமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது பெரியவர்களின் சாம்பிளுக்கு நல்ல முதல் வடிகட்டி. இந்தியாவில் கருவின் சாம்பிளுக்கு அப்படியே ஓட்டக் கூடாது. 1994ஆம் ஆண்டு கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டம், 2003 திருத்தத்தோடு, பாலினத்தை எந்த வகையிலும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மென்பொருள் தன் இயல்பில் திரையிலும் தர அறிக்கையிலும் எக்ஸ், ஒய் குரோமோசோம் விவரங்களை அச்சிட்டுவிடும். கரு சாம்பிளுக்குத் தனி வார்ப்புரு வைத்து அந்தக் கட்டங்களை மறைக்க வேண்டும். யார் பார்க்கலாம் என்பதையும் பூட்ட வேண்டும்.

கவனிக்காமல் விட்டுவிடும் இடம் ஒன்று: எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுவுக்கு மென்பொருள் “ஹெமிசைகஸ்” (ஒரே ஒரு பிரதிதான் உள்ளது) என்று தானாக எழுதினால், அந்த ஒரு சொல்லே கரு ஆண் என்று சொல்லிவிடும். வார்த்தைகளை மரபணு மருத்துவரோடும் சட்ட ஆலோசகரோடும் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். கரு சாம்பிளில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று தாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கட்டாயப் படியாக மென்பொருளில் இருக்க வேண்டும். அது முடியாமல் ரிப்போர்ட் திறக்கக் கூடாது.

16. வேலிடேஷனுக்கு எத்தனை சாம்பிள் போட்டாப் போதும்?

புதிய முறை சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிப்பதுதான் வேலிடேஷன். அதற்கு ஒரு சின்ன விதி உதவும். தவறே இல்லாமல் எத்தனை சாம்பிள் ஓடியதோ, 3ஐ அந்த எண்ணால் வகுத்தால், உண்மையான தவறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது 95 சதவீத உறுதியோடு கிடைக்கும். 60 சாம்பிள் தவறில்லாமல் ஓடினாலும் நூற்றுக்கு ஐந்து தவறு ஒளிந்திருக்கலாம். 300 ஓடினால் ஒன்று. “20 சாம்பிள் போட்டோம், 100 சதவீதம்” என்று எழுதுவதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

சீக்வென்சிங்கில் சாம்பிளை எண்ணாமல் மாற்றங்களை வகைவாரியாக எண்ண வேண்டும். ஒற்றை எழுத்து மாற்றம் ஆயிரக்கணக்கில் கிடைத்துவிடும். சிறு நீக்கம், சேர்ப்பு, பெரிய நீக்கம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வையுங்கள். லேப்கள் தடுமாறுவது அங்கேதான். மருத்துவ லேப்களுக்கான தர விதியான ஐஎஸ்ஓ 15189 தணிக்கைக்கு வருபவரும் இதைத்தான் கேட்பார். மெஷினை இடம் மாற்றினாலோ, டிப் கம்பெனியை மாற்றினாலோ, சேனலைச் சர்வீஸ் செய்தாலோ 10ஆம் பதிலில் சொன்னதையும் 13இல் வந்த சதுரங்க ரன்னையும் திரும்பச் செய்யுங்கள்.

17. தலசீமியாவுக்கு அஞ்சு மியூட்டேஷன் மட்டும் பாக்குறோம். அதை அப்படியே ரோபோவுக்கு மாத்திட்டா போதுமா?

ஐவிஎஸ் 1-5, ஐவிஎஸ் 1-1, கோடான் 8/9, கோடான் 41/42, 619 எழுத்து நீக்கம் ஆகிய ஐந்தும்தான் இந்தியாவில் பரம்பரை ரத்தசோகையான பீட்டா தலசீமியாவுக்குப் பொதுவான காரணங்கள்; அவற்றில் ஐவிஎஸ் 1-5 முதலிடம். ரோபோவில் போட்டால் வேகமாக ஓடும். ஆனால் ஐந்துக்கு வெளியே இருப்பது ரோபோவுக்கும் தெரியாது. ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினின் ஒரு வகை) உயர்ந்த, அதனால் தலசீமியா மாற்றம் இருக்கக்கூடிய தாயிடம் ஐந்தும் நெகட்டிவ் என்றால், ரிப்போர்ட் தானாகப் போகாமல் பீட்டா குளோபின் மரபணு முழுவதையும் சீக்வென்சிங் செய்யத் திருப்பும் விதியை மென்பொருளில் எழுதுங்கள். மரபணு சிறியது, சுமார் 1,600 எழுத்துகள்; பெரிய செலவில்லை.

619 நீக்கத்தைப் பிடிக்கத் தனி ஏற்பாடு தேவை. பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் இடம் நீக்கப்பட்ட பகுதிக்குள் விழுந்தால் அந்தக் குரோமோசோம் பெருகாது. மற்றது மட்டும் பெருகி, ஒரு பக்கம் மட்டும் உள்ள மாற்றம் இரு பக்கமும் இருப்பதுபோல் தெரியும். நீக்கத்தின் இரு பக்கமும் பிரைமர் வைத்து, பொருளின் நீளத்தைப் பார்க்கும் பிசிஆர் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

18. ரன் நடுவுல கரண்ட் போனா?

ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில வினாடிகளே ரோபோவின் நினைவை அழிக்கப் போதும். ரோபோ, பிசிஆர் மெஷின், சீக்வென்சர் மூன்றுக்கும் யூபிஎஸ் கட்டாயம். சீக்வென்சர் ஒரு நாளுக்கு மேலும் ஓடும் என்பதால் யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் ஜெனரேட்டரும் வேண்டும். ஏசியும் அதே ஜெனரேட்டரில் இருக்கட்டும்.

நின்றுவிட்டால் கண்ணால் பார்த்து ஊகிக்காதீர்கள், பதிவுக் கோப்பில் கடைசியாக எந்த நெடுவரிசை முடிந்தது என்று பாருங்கள். செல் உடைக்கும் கட்டத்தில் நின்றிருந்தால் கையால் தொடரலாம். லைப்ரரியில் டிஎன்ஏ துண்டுகளின் முனையில் அடாப்டர் ஒட்டும் நேரத்தில் நின்றிருந்தால் பிளேட்டை விட்டுவிட்டு எஞ்சிய டிஎன்ஏவிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். அதற்காகவே டிஎன்ஏவில் பாதியை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும்.

19. மாற்றம் நோயா இல்லையான்னு முடிவு பண்றதையும் சாஃப்ட்வேரே பண்ணுதே, டாக்டர் எதுக்கு?

2015இல் அமெரிக்க மரபணு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மக்கள்தொகையில் எவ்வளவு பரவல், புரதம் பாதியில் முறிகிறதா போன்ற அளவுகோல்களை மென்பொருள் நன்றாகவே நிரப்பும். குடும்பத்தில் நோயுள்ளவர்களிடம் மட்டும் மாற்றம் இருக்கிறதா, குழந்தையின் அறிகுறி அந்த மரபணுவோடு பொருந்துகிறதா என்பவற்றுக்கு நோயாளியைப் பார்த்தவர் வேண்டும்.

வடிகட்டியிலும் வலை இருக்கிறது. “ஒரு சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் தள்ளிவிடு” என்பது வழக்கமான கட்டளை. இதயத் தசை நோயோடு தொடர்புபடுத்தப்படும் எம்ஒய்பிபிசி3 மரபணுவின் 25 எழுத்து நீக்கம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதன் தீவிரம் எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்தக் கட்டளை போட்ட லேப்பில் விவாதிக்க வாய்ப்பே வராது. மாற்றம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். நம் மக்களுக்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்று கட்டாயம் வையுங்கள்.

20. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா உடனே போட்டுக்கலாமா?

வேண்டாம். தனி இடத்தில் நிறுவி, ஏற்கெனவே விடை தெரிந்த சாம்பிளை ஓட்டுங்கள். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி விடையோடு கொடுக்கும் என்ஏ12878 டிஎன்ஏ இதற்கென்றே இருக்கிறது. கூடவே உங்கள் பழைய நோயாளிகளில் கடினமான பத்துப் பேரின் தரவையும் ஓட்டுங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று எழுதிய பிறகே மாற்றுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மென்பொருளின் பதிப்பு எண் இருக்க வேண்டும். 2009இன் 37ஆம் மனித மரபணுப் பதிப்பிலும் 2013இன் 38ஆம் பதிப்பிலும் ஒரே மாற்றத்துக்கு வேறு வேறு முகவரி எண்; இரண்டும் கலந்தால் ஊர் மாறிப்போகும்.

21. எக்ஸோம் நெகட்டிவ்னு தானா ரிப்போர்ட் வந்துடுச்சு. நோய் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் சோதனை; சில நோய்கள் அதன் கண்ணில் படாது. தசைச் சிதைவு நோயான எஸ்எம்ஏவில் எஸ்எம்என்1, எஸ்எம்என்2 என்ற மரபணுக்கள் இரண்டும் ஏறக்குறைய இரட்டையர். மரபணுவின் ஒரு பகுதியான ஏழாவது எக்ஸானில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான் முக்கியம். சாதாரண அலசல் மென்பொருள் ஒன்றின் துண்டை மற்றதன்மேல் பொருத்திவிட்டு, நீக்கமே இல்லை என்று சொல்லிவிடும். இதற்கு எம்எல்பிஏ போன்று பிரதி எண்ணும் முறை வேண்டும். சந்தேகிக்கும் நோயின் பெயரைப் படிவத்தில் டாக்டர் எழுதினால், இப்படிப்பட்ட மரபணுக்களுக்கு மென்பொருள் எச்சரிக்கை எழுப்பும்படி அமைக்கலாம். வெற்றுப் படிவம் வந்தால் அதையும் செய்ய முடியாது.

22. எல்லா கண்ட்ரோலும் பாஸ். ஆனா குழந்தையோட ரிசல்ட் அப்பா அம்மாவோட பொருந்தல. இப்ப என்ன பண்றது?

ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அடையாளம்: 14இல் சொன்ன கைரேகை மூவருக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் அடுத்து பிரைமர். பெற்றோரில் ஒருவருக்குப் பிரைமர் ஒட்டும் இடத்திலேயே ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தப் பக்கம் பெருகியிருக்காது. வேறு பிரைமரில் திரும்ப ஓட்டுங்கள். மூன்றாவது, 17இல் வந்த பெரிய நீக்கம். நான்காவது, குழந்தைக்கோ பெற்றோருக்கோ எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். நடந்திருந்தால் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் டிஎன்ஏ, தோல் செல்லிலிருந்து எடுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால் மூவரிடமும் புதிதாக ரத்தம் எடுத்து, முடிந்தால் வேறு ஆள், வேறு முறையில் செய்யுங்கள். அதன்பிறகும் தந்தை பொருந்தவில்லை என்றால், அதை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். கணினித் திரையில் பலர் பார்க்கும் குறிப்பிலும் இடாதீர்கள். அனுப்பிய மரபணு ஆலோசகரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். இந்த ஒரு வகை சாம்பிளுக்கு தானியங்கி ரிப்போர்ட் வெளியீட்டை அணைத்துவைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள்.